பழுப்பு நாயின் வழக்கு

ஆய்வுக்கூடத்து நாய்கள் – 4

1876-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் விலங்கு வதைச் சட்டத்தை நிறைவேற்றிய கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். உயிருள்ள விலங்கை அறுத்து ஆராய்பவர் உரிமம் வாங்க வேண்டும். மயக்க மருந்து கொடுத்தாக வேண்டும். ஒரு சோதனைக்கு ஆளான விலங்கை இன்னொரு சோதனைக்கு இழுக்கக் கூடாது. மயக்கம் தெளிவதற்குள் அதன் உயிரை முடித்துவிட வேண்டும். இவற்றில் சிலவற்றைத் தளர்த்திக்கொள்ளத் தனிச் சான்றிதழ்களும் உண்டு. விலங்குச் சோதனைகளுக்கென்றே ஒரு நாடு இயற்றிய முதல் சட்டம் அது. காகிதத்தில் கம்பீரமாக நின்ற அந்தச் சட்டத்துக்கு உண்மையில் எவ்வளவு வலு என்பதை, 27 ஆண்டுகள் கழித்து ஆறேழு கிலோ எடையுள்ள ஒரு பழுப்பு நாய் ஊருக்குக் காட்டிக்கொடுத்தது.

மூன்று பேர் கை மாறிய நாய்

1903 பிப்ரவரி 2, திங்கட்கிழமை. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியின் உடலியங்கியல் வகுப்பில் சுமார் 60 மாணவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் மேசைமீது டெரியர் சாயலில் ஒரு கலப்பின நாய். மல்லாக்கக் கிடத்திக் கால்களைப் பலகையோடு கட்டியிருந்தார்கள். தலை அசையாமல் இடுக்கி, வாய்க்குக் கட்டு.

அந்த மேசைக்கு அது புதிதாக வரவில்லை. முந்தைய டிசம்பரில் பேராசிரியர் எர்னஸ்ட் ஸ்டார்லிங் அதன் வயிற்றைத் திறந்து, கணையத்திலிருந்து வரும் குழாயைக் கட்டியிருந்தார். அதன் பிறகு நாய் இரண்டு மாதம் கூண்டில் கிடந்தது. பிப்ரவரி 2 அன்று ஸ்டார்லிங் மறுபடியும் வயிற்றைத் திறந்து, தன் பழைய அறுவையின் விளைவை முக்கால் மணி நேரம் பார்த்தார். பிறகு வெட்டுவாயை இடுக்கியால் கவ்வவைத்து, சக ஆய்வாளர் வில்லியம் பெய்லிஸிடம் நாயை ஒப்படைத்தார். பெய்லிஸ் அவருடைய தங்கை கணவரும்கூட.

உமிழ்நீர் சுரக்கும் அழுத்தம் இரத்த அழுத்தத்தைச் சார்ந்ததல்ல என்று மாணவர்களுக்குக் காட்டுவது பெய்லிஸின் நோக்கம். நாயின் கழுத்தைக் கீறி, உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போகும் நரம்பை வெளியே எடுத்து, மின்முனைகளைப் பொருத்தினார். அரை மணி நேரம் மின்சாரம் பாய்ச்சினார். சோதனை பலிக்கவில்லை. கடைசியில் நாய் ஹென்றி டேல் என்ற இளம் ஆய்வு மாணவரின் கைக்குப் போயிற்று. அவர் கணையத்தை வெட்டி எடுத்துக்கொண்டு அதைக் கொன்றார்.

ஒரே நாய்க்கு இரண்டு மாத இடைவெளியில் இரண்டாம் முறையாகக் கத்தி பட்டிருக்கிறது. 1876 சட்டம் தெரிந்தவர்களுக்கு இது ஒன்றே போதும். அந்த வகுப்பில் சட்டம் தெரிந்த இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

ஸ்வீடனிலிருந்து வந்த மாணவிகள்

லிஸி லிண்ட் அஃப் ஹாகெபிக்கு அப்போது 24 வயது. தோழி லீசா ஷார்ட்டாவ் அவரைவிடச் சற்று மூத்தவர். இருவரும் ஸ்வீடன்காரர்கள். 1900-ல் பாரிஸில் பாஸ்டர் நிறுவனத்தைச் சுற்றிப் பார்க்கப் போனபோது, நோய் ஏற்றப்பட்ட விலங்குகள் கூண்டு கூண்டாகக் கிடந்ததைக் கண்டு அதிர்ந்து திரும்பியவர்கள். வெளியே நின்று கூச்சல் போட்டால் எந்த விஞ்ஞானியும் மதிக்க மாட்டார் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எனவே உடலியங்கியலையே முறையாகப் படிப்பது என்று முடிவு செய்து, 1902-ல் லண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார்கள். அந்தப் பள்ளியில் விலங்குகளை அறுப்பதில்லை. ஆனால் அதன் மாணவிகள் மற்றக் கல்லூரிகளின் வகுப்புகளுக்குப் போகலாம். இந்தச் சலுகையே அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது.

நூறு வகுப்புகளும் செய்முறைகளும் பார்த்தார்கள். அவற்றில் ஐம்பது உயிருள்ள விலங்குகளைக் கொண்டு நடந்தவை. கண்டதையெல்லாம் நாட்குறிப்பில் எழுதினார்கள். பழுப்பு நாய் கிடந்த வகுப்பைப் பற்றிய அத்தியாயத்துக்கு அவர்கள் வைத்த தலைப்பு ‘வேடிக்கை’. மாணவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள் என்பது அவர்களின் குற்றச்சாட்டு. நாய் திமிறியது என்றும், மயக்க மருந்தின் வாசனையே வரவில்லை என்றும் எழுதினார்கள். வகுப்பு தொடங்குமுன் சில நிமிடங்கள் நாயோடு தனியே இருக்க வாய்த்ததையும், அதன் உடலில் பழைய அறுவையின் தழும்பைக் கண்டதையும் குறித்துவைத்தார்கள்.

இந்தக் குறிப்புகள் தேசிய விலங்கறுப்பு எதிர்ப்புச் சங்கத்தின் கௌரவச் செயலாளரான ஸ்டீஃபன் கோல்ரிட்ஜிடம் போயின. கோல்ரிட்ஜ் வழக்கறிஞர், இங்கிலாந்தின் முன்னாள் தலைமை நீதிபதி ஒருவரின் மகன். சட்டமீறல் என்று கண்ணுக்கெதிரே தெரிந்தும் அவர் நீதிமன்றத்துக்குப் போகவில்லை. காரணம், அந்தச் சட்டத்துக்குள்ளேயே ஒரு பூட்டு இருந்தது. உரிமம் பெற்ற ஆய்வாளர்மீது வழக்குப் போட உள்துறை அமைச்சரின் சம்மதம் வேண்டும். அதுவும் ஆறு மாதத்துக்குள் போட வேண்டும். உரிமம் தரும் துறையே வழக்குக்கும் அனுமதி தர வேண்டும் என்றால் என்ன நடக்கும் என்பது கோல்ரிட்ஜுக்குத் தெரியும்.

அவர் வேறு வழி பிடித்தார். 1903 மே 1 அன்று லண்டன் செயின்ட் ஜேம்ஸ் ஹாலில் கூட்டம் போட்டு, நாட்குறிப்பில் இருந்ததை உரக்கச் சொன்னார். மயக்கமில்லாத நாயைச் சித்திரவதை செய்தார்கள் என்று பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார். பத்திரிகைகள் அச்சிட்டன, நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. அதே ஆண்டு கோடையில் அந்த நாட்குறிப்பு, ‘விஞ்ஞானத்தின் கசாப்புக்கூடம்’ என்று பொருள்படும் தலைப்பில் புத்தகமாகவும் வந்தது. மன்னிப்புக் கேட்கச் சொன்னார் பெய்லிஸ். கோல்ரிட்ஜ் மறுக்கவே, அவதூறு வழக்கு தொடுத்தார்.

குற்றத்தை ஒப்புக்கொண்டவர் சாட்சி

1903 நவம்பர் 11-ல் தலைமை நீதிபதி ஆல்வர்ஸ்டோன் முன்னிலையில் விசாரணை தொடங்கியது. பெய்லிஸுக்காக வாதாடியவர் ரூஃபஸ் ஐசக்ஸ். பிற்காலத்தில் ரெடிங் பிரபு என்ற பெயரில் 1921 முதல் 1926 வரை இந்தியாவின் வைஸ்ராயாக இருந்தவர் இவரே. காந்தி 1922-ல் முதன்முறையாக இந்தியச் சிறைக்குள் அனுப்பப்பட்டது இவருடைய ஆட்சியில்தான்.

முதல் சாட்சி ஸ்டார்லிங். ஒரே நாயை இரண்டு முறை பயன்படுத்தியது உண்மை, அது சட்டமீறல் என்று அவர் ஒப்புக்கொண்டார். இன்னொரு நாயைக் கொல்ல வேண்டாம் என்பதற்காகத்தான் அப்படிச் செய்ததாகச் சொன்னார். இந்த ஒப்புதலுக்காக அவர்மீது எந்த நடவடிக்கையும் இல்லை. நீதிமன்றத்தின் முன் இருந்தது கோல்ரிட்ஜ் பெய்லிஸை அவதூறு செய்தாரா என்ற கேள்வி மட்டுமே. நாய் எத்தனை முறை அறுக்கப்பட்டது என்பது ஓரமாகப் போய், அது மயங்கியிருந்ததா இல்லையா என்பதே வழக்காயிற்று.

முன்னதாக மார்ஃபின் ஊசி போட்டதாக பெய்லிஸ் சொன்னார். பிறகு சாராயம், குளோரோஃபார்ம், ஈதர் மூன்றும் சேர்ந்த கலவையைப் பக்கத்து அறையிலிருந்து மேசைக்குப் பின்னால் ஓடிய குழாய் வழியாக நாயின் மூச்சுக்குழலுக்குச் செலுத்தியதாக விளக்கினார். மாணவிகளின் கண்ணுக்கு அந்த ஏற்பாடு தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்பது அவர் தரப்பு. நாய்க்கு நரம்புத் துடிப்பு நோய் இருந்தது. அவர்கள் பார்த்தது தானாக வரும் துடிப்பு என்றார். வகுப்பில் இருந்த மாணவர்களும் நாய் திமிறவில்லை என்று சாட்சி சொன்னார்கள்.

ஒரே ஓர் இடத்தில் பெய்லிஸ் தரப்பு சறுக்கியது. நாயைக் குளோரோஃபார்மோ மயக்கக் கலவையோ கொடுத்துக் கொன்றதாக ஆய்வக ஊழியர் சொல்லிவிட்டுப் போனார். அடுத்து வந்த டேல், இதயத்தில் கத்தியைச் செலுத்திக் கொன்றது தான்தான் என்றார்.

ஆனால் கோல்ரிட்ஜின் நிலை அதைவிட மோசம். மாணவிகள் சொன்னதைச் சரிபார்க்க அவர் பெய்லிஸிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைக் கூண்டில் ஏறி ஒப்புக்கொள்ளவும் வேண்டியதாயிற்று. நவம்பர் 18 அன்று ஜூரிகள் 25 நிமிடத்தில் முடிவுக்கு வந்தார்கள். பெய்லிஸுக்கு 2,000 பவுன் நஷ்டஈடு, செலவுத்தொகை 3,000 பவுன். கோல்ரிட்ஜ் மறுநாளே காசோலையைக் கொடுத்துவிட்டார். ‘டெய்லி நியூஸ்’ பத்திரிகை அவருக்காக நிதி திரட்ட, நான்கு மாதத்தில் 5,700 பவுன் சேர்ந்தது. தோற்றவருக்கு, கொடுத்ததைவிட அதிகம் திரும்பி வந்துவிட்டது. பெய்லிஸ் தனக்குக் கிடைத்த 2,000 பவுனை உடலியங்கியல் ஆய்வுக்கென்று கல்லூரிக்கே தந்தார். புத்தகத்தைப் பதிப்பாளர் திரும்பப் பெற்றார். ‘வேடிக்கை’ அத்தியாயம் இல்லாமல் அது பின்னர் மறுபடி வெளிவந்தது.

எதிர்த்தரப்பின் பலம்

பெய்லிஸையும் ஸ்டார்லிங்கையும் வெறும் கொடூரர்கள் என்று எழுதிவிட்டால் கதை எளிதாகிவிடும். வரலாறு அப்படி இடம் கொடுக்கவில்லை. 1902 ஜனவரியில் இவர்கள் இருவரும் இதே கல்லூரியில் ஒரு நாயின் சிறுகுடல் பகுதியில் நரம்புகளையெல்லாம் அறுத்துவிட்டு அமிலத்தைச் செலுத்தினார்கள். நரம்புத் தொடர்பே இல்லாதபோதும் கணையம் சுரந்தது. குடலிலிருந்து இரத்தத்தில் கலந்த ஏதோ ஒரு பொருள் கணையத்துக்குச் செய்தி கொண்டுபோகிறது என்று கண்டு, அதற்கு ‘சீக்ரெட்டின்’ என்று பெயர் வைத்தார்கள். ‘ஹார்மோன்’ என்று இன்று உலகமே சொல்லும் சொல்லை 1905-ல் முதலில் பயன்படுத்தியவர் ஸ்டார்லிங். கத்தியால் நாயைக் கொன்ற டேல் 1936-ல் நோபல் பரிசு பெற்றார்.

இன்னும் ஒன்று. பழுப்பு நாய்க்கு 1902 டிசம்பரில் நடந்தது கணையக் குழாயைக் கட்டும் அறுவை. 1921-ல் கனடாவின் டொரோன்டோவில் ஃபிரெடெரிக் பான்டிங்கும் சார்லஸ் பெஸ்ட்டும் நாய்களிடம் தொடங்கியதும் அதே அறுவையில்தான். அந்த வழியில் போய் எட்டியது இன்சுலின். 1922 ஜனவரியில் நீரிழிவால் சாகக் கிடந்த 14 வயதுச் சிறுவனுக்கு அது செலுத்தப்பட்டது. அந்த மருந்தை நேரில் பார்த்து மதிப்பிட, பிரிட்டன் அதே ஆண்டு டொரோன்டோவுக்கு அனுப்பிய இருவரில் ஒருவர் டேல். நாய்களுக்காகப் போராடியவர்கள் அடுத்த பல பத்தாண்டுகள் பதில் சொல்ல வேண்டியிருந்தது இந்த வாதத்துக்குத்தான்.

பாட்டர்சீயில் ஒரு சிலை

வழக்கு முடிந்ததும் ஓய்ந்துபோகும் என்று கல்லூரி எதிர்பார்த்திருந்தால், அது பாட்டர்சீயை மறந்துவிட்டது என்று பொருள். தேம்ஸ் நதியின் தென்கரையில் தொழிலாளர்கள் நெருக்கிக் குடியிருந்த பகுதி அது. தெரு நாய்களுக்கான புகழ்பெற்ற காப்பகம் அங்கேதான் இருந்தது. சோதனைக்கு நாய் கேட்டு வந்தவர்களைக் காப்பகம் திருப்பி அனுப்பியது. விலங்குகளை அறுக்கும் மருத்துவர்களுக்கு இடமில்லை என்று அறிவித்த மருத்துவமனையும் அங்கே இருந்தது. ஆய்வுக்கூடத்துக்கு ஏழைகளின் உடலும் நாயின் உடலும் ஒன்றுதான் என்ற சந்தேகம் அந்தத் தெருக்களில் ஆழமாக ஊறியிருந்தது.

உலக விலங்கறுப்பு எதிர்ப்பு அமைப்பைச் சேர்ந்த அன்னா லூயிசா வுட்வர்ட் பணம் திரட்டிச் சிலை செய்ய, பாட்டர்சீ நகர்மன்றம் லாட்ச்மியர் பொழுதுபோக்குத் திடலில் இடம் கொடுத்தது. ஏழரை அடி உயரக் கிரானைட் பீடம். அதில் மனிதர்களுக்குக் குடிநீர்க் குழாய், கீழே விலங்குகளுக்குத் தொட்டி, உச்சியில் வெண்கல நாய். 1906 செப்டம்பர் 15 அன்று திறப்பு விழா. நாடகாசிரியர் பெர்னார்ட் ஷாவும் பெண் வாக்குரிமைப் போராளி சார்லட் டெஸ்பார்டும் வந்திருந்தார்கள். பழுப்பு நாய் இரண்டு மாதத்துக்கு மேல் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறிச் செத்ததையும், 1902-ல் மட்டும் அதே கல்லூரியில் 232 நாய்கள் அறுக்கப்பட்டதையும் பீடத்தில் பொறித்தார்கள். கல்லூரியின் பெயரும் அதில் இருந்தது.

மருத்துவ மாணவர்களுக்கு இது பொறுக்கவில்லை. 1907 நவம்பர் 20 இரவு, வில்லியம் லிஸ்டர் என்ற மாணவர் தலைமையில் ஒரு கூட்டம் கடப்பாரையும் சம்மட்டியுமாக நதியைக் கடந்து வந்தது. சிலைமீது ஓர் அடி விழுந்ததும் போலீஸ் வந்துவிட்டது. பத்துப் பேருக்குத் தலைக்கு ஐந்து பவுன் அபராதம். அபராதம் போட்ட நீதிபதியின் கொடும்பாவியைக் கொளுத்தக் கிளம்பிய மாணவர்கள், அது தீப்பிடிக்காமல் போகவே தேம்ஸில் தூக்கிப் போட்டார்கள். பெண்கள் வாக்குரிமை கேட்டுக் கூடிய கூட்டங்களிலும் புகுந்து நாற்காலிகளை உடைத்தார்கள். அவர்கள் பார்வையில் நாய்க்காகப் பேசுகிறவர்களும் ஓட்டுக் கேட்கிறவர்களும் ஒரே கூட்டம்.

டிசம்பர் 10 அன்று சுமார் ஆயிரம் மாணவர்கள், கம்புகளில் நாய் பொம்மைகளைக் குத்திக்கொண்டு மத்திய லண்டனில் ஊர்வலம் போனார்கள். சிலைக்குப் போக முயன்றவர்களைப் பாட்டர்சீ தொழிலாளர்கள் விரட்டி அடித்தார்கள். டிரஃபால்கர் சதுக்கத்தில் 400 போலீஸார் மாணவர்களோடு மணிக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

அதன் பிறகு சிலைக்கு இரவு பகலாகக் காவல். ஆண்டுக்கு 700 பவுன் செலவாகிறது, நகர்மன்றம் பங்கு தர வேண்டும் என்றது போலீஸ். நகர்மன்றம் மறுத்தது. 1909 நவம்பர் தேர்தலில் மன்றம் கன்சர்வேட்டிவ் கட்சியின் கைக்குப் போனதும் காட்சி மாறிற்று. சிலையைக் காப்பாற்றக் கோரி 20,000 பேர் கையெழுத்துப் போட்டார்கள். பயனில்லை. 1910 மார்ச் 10 விடியுமுன், 120 போலீஸார் காவல் நிற்க, நகர்மன்றப் பணியாளர்கள் நான்கு பேர் சிலையைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். வெண்கல நாய் பின்னர் உருக்கப்பட்டது. பத்து நாள் கழித்து டிரஃபால்கர் சதுக்கத்தில் 3,000 பேர் கூடிச் சிலையைத் திருப்பிக் கேட்டார்கள், அது வரவில்லை. 1985 டிசம்பரில்தான் பாட்டர்சீ பூங்காவில் சிற்பி நிக்கோலா ஹிக்ஸ் செய்த புதிய பழுப்பு நாய் நிறுத்தப்பட்டது.

என்ன மிஞ்சியது?

கலவரம் நடந்த அதே ஆண்டுகளில் விலங்குச் சோதனைகளை விசாரிக்க அரச ஆணையம் ஒன்றும் உட்கார்ந்திருந்தது. 1906-ல் நியமிக்கப்பட்ட அது 1912-ல் அறிக்கை தந்தது. கூடுதல் கண்காணிப்பு அதிகாரிகள், கடுமையான பதிவேடுகள் என்று சிபாரிசு செய்ததே தவிர, சோதனையை நிறுத்தச் சொல்லவில்லை. ஆணையத்தின் முன் சாட்சியம் அளித்தவர்களில் லிண்ட் அஃப் ஹாகெபியும் ஒருவர். 1913-ல் ‘பால் மால் கெஸட்’ பத்திரிகைமீது அவரே ஓர் அவதூறு வழக்குப் போட்டார். பெண்கள் வழக்கறிஞராக முடியாத அந்தக் காலத்தில், தன் வழக்கில் தானே நாள்கணக்கில் வாதாடி நீதிமன்றத்தை அசரவைத்தார். வழக்கில் மட்டும் தோற்றார்.

நாய்களைச் சோதனையிலிருந்து முற்றிலும் விலக்கும் மசோதாக்கள் நாடாளுமன்றத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தன. 1919-ல் சர் ஃபிரெடெரிக் பான்பரி கொண்டுவந்த மசோதா இரண்டாம் வாசிப்பைத் தாண்டியபோது மருத்துவ உலகம் பதறிப்போய்த் திரண்டது. இறுதிக் கட்டத்தில் அதுவும் தோற்கடிக்கப்பட்டது. 1876 சட்டம் 110 ஆண்டுகள் நீடித்து, 1986-ல்தான் புதிய சட்டத்துக்கு இடம் விட்டது.

இத்தனை தோல்விகளுக்கு நடுவில் அதிகம் பேசப்படாத ஒரு வெற்றி உண்டு. சிலை திறக்கப்பட்ட அதே 1906-ல் பிரிட்டன் இயற்றிய நாய்கள் சட்டத்தில், போலீஸ் பிடிக்கும் தெரு நாயை அறுத்துச் சோதிப்பதற்காக விற்கவோ கொடுக்கவோ கூடாது என்று ஒரு பிரிவு சேர்ந்தது. எந்த விஞ்ஞானியின் மனசாட்சியையும் அது அளக்கப் போகவில்லை. நாய் மயங்கியிருந்ததா என்று கேட்கவுமில்லை. ஆய்வுக்கூடத்துக்கு நாய் வந்துசேரும் பாதையில் ஒன்றை அடைத்தது. 1986 சட்டமும் இதே வழியில் இன்னும் தூரம் போனது: உரிமம் பெற்ற பண்ணையில் வளர்த்த நாயாக இருக்க வேண்டும், வேறு எந்த விலங்காலும் அந்த ஆய்வு முடியாது என்று காட்டவும் வேண்டும்.

மேசைமீது நடப்பதற்கு நெறி வகுத்த 1876 சட்டம், ஒப்புக்கொள்ளப்பட்ட ஒரு மீறலைக்கூடத் தண்டிக்க முடியாமல் நின்றது. மேசைக்கு நாய் எங்கிருந்து வருகிறது என்று கேட்ட சட்டங்களே நாய்களுக்கு நிஜமாக உதவின. இதே கேள்வியை அமெரிக்கா 1965-ல் கேட்க நேர்ந்தது. பென்சில்வேனியாவின் ஒரு பண்ணை வீட்டிலிருந்து ‘பெப்பர்’ என்ற டால்மேஷியன் காணாமல் போனது. நியூயார்க் மருத்துவமனை ஒன்றின் சோதனை மேசையில் அதன் கதை முடிந்தது. அடுத்த ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)